மடி நோட்டில் என் பெயர்

“…ஒண்ணுமே வாங்க வேண்டாமா? நல்லாக் கேட்டியா? ஆபீசுல போயிக் கேட்டியா, இல்ல நீயா நெனச்சுக்கிட்டியா?” என்று அம்மா கேட்டபோது, அவள் முந்தானையிலிருந்து கிளம்பிய மிளகாய் நெடியில் கடைக்குள் நின்றிருந்த இரண்டு பேர் மாற்றி மாற்றித் தும்மினார்கள்.

அருப்புக்கோட்டையில் நானும் என் கணவரும் நடத்தும் விதைக்கடைக்கு, பந்தல்குடியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரிலிருந்து, கோடைக்கு ஒருமுறை அம்மா வற்றல் மூட்டையோடு வருவாள். இந்த மே மாதமும் வந்தாள். வந்தவளிடம் பேச்சுவாக்கில், என் மகள் யாழினி ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள், ஜூனில் ஆறாம் வகுப்பு என்று சொல்லிவிட்டேன். மூட்டையை இறக்கி வைத்த கையோடு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஏதாவது காகிதம் வாங்க வேண்டுமா, எங்காவது கையெழுத்துப் போட வேண்டுமா, போட்டுவிட்டேனா, போடக் கூடாத இடத்தில் எதுவும் போட்டுத் தொலைத்தேனா என்று வரிசையாகக் கேட்டாள். “அதே பள்ளிக்கூடந்தானம்மா, நான் படிச்ச அதே பள்ளிக்கூடம். அஞ்சுலருந்து ஆறுக்குப் பிள்ளை தானாப் போயிரும்” என்றேன். “தானா எதுவும் போகாது தாயி” என்றாள் அம்மா.

கத்தரி விதை வாங்க வந்தவர் தும்மலை அடக்கிக்கொண்டு, “என்னத்தா, ஒரு பள்ளிக்கூடத்து மேல இம்புட்டுச் சந்தேகம்?” என்று சிரித்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு அப்போது நேரமில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த நாளில் பள்ளிக்கூடம் துண்டுதுண்டாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் ஐந்து வரை. எட்டு வரை வேண்டுமென்றால் கரிசல் காட்டு வழியாக அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். பத்துக்கு பஸ் ஏற வேண்டும். அதற்கு மேலே என்றால் வேறு பஸ். அதனால் பள்ளிகளுக்குச் சொந்தப் பெயர் இருந்தாலும் யாரும் அதைச் சொல்வதில்லை. ‘அஞ்சாப்புப் பள்ளிக்கூடம்’, ‘எட்டாப்புப் பள்ளிக்கூடம்’ என்றுதான் பேச்சு. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ‘டி.சி.’ என்கிற மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். பையன்கள் பெரும்பாலும் போனார்கள். பெண் பிள்ளைகள் டி.சி.யை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், “பிள்ளை எது வரைக்கும் படிச்சிருக்கு?” என்று கேட்டால், என் பெரியப்பா, “பள்ளிக்கூடம் இருந்த வரைக்கும் படிச்சிருக்கு” என்று சொல்லுவார். கேட்டவர்களுக்கும் அது போதுமான பதிலாகத்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் அருப்புக்கோட்டைக்கு வெளியே, டவுன் வியாபாரக் குடும்பத்தார் சிலர் சேர்ந்து நடத்திய அந்த ‘இங்கிலீசுப் பள்ளிக்கூடம்’ எங்கள் ஊர்ப் பேச்சுக்குள் வந்தது. இங்கிலீசு யாரையும் பெரிதாக ஆச்சரியப்படுத்தவில்லை. எல்.கே.ஜி. தொடங்கி பிளஸ் டூ வரைக்கும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. “மூக்கு ஒழுகுறதும் மீசை மொளச்சதும் ஒரே மணிக்கு எந்திரிச்சு நிக்குமாம்ல, அது பள்ளிக்கூடமா, சந்தையா?” என்றார் பெரியப்பா. அம்மா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: “அங்க எந்த எடத்துல நிப்பாட்டுவாக?” பிளஸ் டூ வரைக்கும் நிறுத்த மாட்டார்கள் என்று தெரிந்ததும், வேறு எதையும் கேட்காமல், என்னை அங்கேதான் சேர்க்க வேண்டும் என்று அப்பாவிடம் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். கட்டணத்தை அப்பா எப்படிச் சமாளித்தார் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அந்தப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறியது நான் ஒருத்திதான் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். என்னோடு மண்ணில் விளையாடிய பெருமாயி அஞ்சாப்புப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாள்.

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் பள்ளியைப் பற்றிச் சொல்ல முடியாது. பிள்ளைகள் அதிகம், இருக்கை குறைவு. அதற்கு அந்தப் பள்ளியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். எல்.கே.ஜி.யில் சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து ஓர் அக்காவையோ அண்ணனையோ ஒதுக்குவார்கள். சின்னது பெரியவளின் மடியில் உட்கார வேண்டும். பெரியவளுக்கு ‘மடியக்கா’ என்று பெயர், சின்னதுக்கு ‘மடிப்பிள்ளை’. பஸ்ஸில் வருகிற ஆயா ராக்கம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் மடியின் பெயரையும் வலப்பக்கம் பிள்ளையின் பெயரையும் எழுதி வைத்திருப்பார். அதுதான் ‘மடி நோட்டு’. வகுப்பு வருகைப் பதிவேட்டைவிட அதற்கு மரியாதை அதிகம். ஏனென்றால் சாயங்காலம் ஒரு பிள்ளை குறைந்தால் ராக்கம்மா ஆயா பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார், “ஏ மடி, ஒன் பிள்ளை எங்க?” என்று பெரியவளைத்தான் கேட்பார்.

என் மடியக்காவின் பெயர் தேன்மொழி. நான் எல்.கே.ஜி. என்றால் அவர் ஆறு. நான் இரண்டாம் வகுப்பு வரை மடியில் இருந்தேன். அப்புறம் கால் நீண்டுவிட்டதால் அவர் முழங்காலுக்கு முன்னால் புத்தகப்பையின் மேல் உட்கார்ந்தேன். அதற்கும் பெரிதானபின் பக்கத்தில் நின்றேன். நான் ஐந்து முடிக்கிற வருஷம் அவர் பிளஸ் டூ முடித்துவிட்டுப் போனார். கணக்கு அப்படித்தான் அமைந்திருந்தது. மடியக்கா வெளியே போகிற வருஷம் மடிப்பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்து, தானும் ஒரு மடியாகிவிடும். யார் யோசித்துச் செய்தார்களோ, இல்லை தானாக விழுந்ததோ, நான் பல பேரிடம் கேட்டுப் பார்த்தும் தெரியவில்லை.

சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே இடத்தில் இருந்ததில் எனக்கு வேடிக்கை பார்க்க நிறையக் கிடைத்தது. மூன்றாம் வகுப்பு சன்னலுக்கு நேர் எதிரே பிளஸ் டூ ஆய்வகம். சில நாள் அங்கிருந்து அழுகின முட்டை நாற்றம் வரும். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே கோழி வளர்க்கிறார்கள் என்று முடிவு செய்திருந்தோம். ஒருநாள் பஸ்ஸில் தேன்மொழி அக்காவிடம், “பெரிய படிப்பு படிச்சா ஏங்க்கா நாறுது?” என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “நீ அங்க வருவேல்ல, அப்பப் பாத்துக்க” என்றார்.

அந்தப் பதில் எனக்கு மறக்கவில்லை. ‘நீ அங்க வருவேல்ல.’ வந்தால், படித்தால், வீட்டில் விட்டால் என்கிற எந்தக் கொக்கியும் அதில் இல்லை. பஸ் பந்தல்குடி தாண்டினால் எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கு வரும் என்பதுபோல, மூன்றுக்கு அப்புறம் அந்த ஆய்வகம் வரும் என்று அவர் சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளையிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச்சில் பெரியவர்களுக்குப் பொதுத்தேர்வு நடக்கும்போது, தேர்வறை வராந்தாவைத் தாண்டிப் போகிற சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். முதல் வருஷம் நான், “உள்ள அக்கால்லாம் தூங்குறாகளா?” என்று கேட்டதாக ராக்கம்மா ஆயா கடைசிவரைக்கும் சொல்லிக் கேலி செய்வார். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக இருப்பதில் உள்ள தொல்லையே அதுதான். எதையும் யாரும் மறப்பதில்லை. பிளஸ் ஒன் முதல் நாளில் இயற்பியல் சார் என்னை நிமிர்ந்து பார்த்து, “யூ.கே.ஜி.ல சாக்பீஸ் தின்னுட்டு வாந்தி எடுத்த பிள்ளைதான நீ?” என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மாவோ, “பாத்தியா, ஒன்னைய இம்புட்டு வருசமா ஞாவகம் வச்சிருக்காக” என்று பூரித்துப் போனாள். ஊரிலிருந்து ஒரு பிள்ளையை அவ்வளவு தூரம் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு, அங்கே நம் பிள்ளையைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம் என்பது எனக்கு யாழினியை அனுப்பிய பிறகுதான் விளங்கியது.

ஆனால் அந்த பிளஸ் ஒன் வரைக்கும் நான் போய்ச் சேருவேனா என்பதே ஒரு மே மாதத்தில் கேள்வியாகிவிட்டது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். முழுப்பரீட்சை முடிந்து கடைசி நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ராக்கம்மா ஆயா என் காதுக்குள், “ஒனக்கு ஒரு வாண்டு எழுதியிருக்கேன். விலக்குல ஏறும். பேரு கனிமொழி. கடிக்குமாம், பாத்துக்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார். கடிக்கிற அந்த வாண்டை மடியில் வைத்துக்கொண்டு எந்தச் சன்னலோரம் உட்காருவது என்று லீவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒருநாள் கிணற்று மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்ட டவுனுக்குப் போனார். கடைக்காரர் இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லவே, சும்மா இருப்பானேன் என்று பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்திருக்கிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது முகம் நிறையப் பெருமை. அம்மா வாசல் நிழலில் உட்கார்ந்து வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“கூட்டம் வாரதுக்குள்ள முந்திக்கிட்டேன்” என்றார் அப்பா. “ஜூன்ல போனா கால்கடுக்க நிக்கணும். இன்னிக்கு கிளார்க்கு ஒருத்தருதான் இருந்தாரு. அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிருச்சு.”

“என்ன வேலைங்க?”

“பிள்ளைக்கு டி.சி.”

அம்மாவின் விரல் காம்பிலேயே நின்றுவிட்டது. “எதுக்குங்க டி.சி.?”

“அஞ்சு முடிஞ்சிருச்சுல்ல. அஞ்சுல வாங்கி ஆறுல குடுக்கணும்ல.”

“எந்த ஆறுல?”

“அதே பள்ளிக்கூடத்து ஆறுலதான். என்ன நீ, ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேக்குற?”

அப்பா எட்டாவது படித்தவர். ஐந்தில் ஒரு டி.சி. வாங்கி ஆறில் கொடுத்தவர். பருத்தி வெடித்தால் எடுக்க வேண்டும், ஐந்து முடிந்தால் டி.சி. வாங்க வேண்டும், அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அவர் செய்ததைத் தப்பு என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் ஊர்க்காரரைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்திருக்கவும் மாட்டார்கள். பள்ளிக்கூட கிளார்க்கு, விட்டுப் போவதற்கு என்ன காரணம் என்று கேட்டிருக்கிறார். அப்பா, “மேல்படிப்புக்குத்தான்” என்று சொல்லியிருக்கிறார். மதுரையில் ஏதோ பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது போல என்று அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அம்மா எழுந்தாள். கை முழுக்க மிளகாய் என்பதால் காகிதத்தைத் தொடாமல், இரண்டு கையையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, “நீ வாசி” என்றாள் என்னிடம். நான் வாசித்தேன். ‘மேல்படிப்பின் பொருட்டு’ என்ற இடம் வந்ததும், “போதும்” என்றாள்.

“பேரை அடிச்சுட்டுத்தாங்க இதக் குடுப்பாக. இது கைக்கு வந்துருச்சுன்னா அங்க நம்ம பிள்ளைக்குப் பேரு இல்ல.”

“அதெப்படி? ஏழு வருசமாப் படிக்குது, அவுகளுக்குத் தெரியாதா?” என்றார் அப்பா. ஆனால் குரலில் அந்தப் பெருமை இல்லை. ஈரமில்லாத தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். கிளம்புவதற்கு முன் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து மஞ்சப்பைக்குள் வைத்தாள். என்னவென்று கேட்டேன். “வழியில பேசாம வா” என்றாள். 

தாளாளர் நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுவார். அப்பா வந்துபோன அன்று சாயங்காலமே, ஒரு வருஷமாக இடம் கேட்டுக்கொண்டிருந்த டவுன்காரர் ஒருவருக்குத் தகவல் சொல்லிவிட்டார்களாம்; அவர்கள் காலையில் எட்டு மணிக்கே வந்து பிள்ளையைச் சேர்த்துவிட்டார்களாம்.

“நாங்க போகவே இல்லியே அய்யா” என்றாள் அம்மா. “போகாத பிள்ளை எடத்துல எப்படி அய்யா இன்னொரு பிள்ளை வந்து உக்காரும்?”

“உங்க வீட்டுக்காரரு கையெழுத்துப் போட்டிருக்காரேம்மா.”

“அவுக ஊரு வழக்கப்படி செஞ்சுட்டாக.”

“நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. வேற நல்ல பள்ளிக்கூடம் எவ்வளவோ இருக்கு. பக்கத்துலயே பாருங்க.”

அந்த ‘வேற’ என்கிற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்றால் நடை, வேறு என்றால் இன்னொரு வாசல். அந்த வாசலுக்குப் போவதற்கு முன் பெரியப்பா வீட்டுக் கூட்டத்தில் என்ன பேசுவார்கள் என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். பெருமாயி அந்த மாதம்தான் அவள் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மறுவாரமே களத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா மஞ்சப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள். மடிப்பில் நான்காகக் கிழிந்து, சோற்றுப் பசை வைத்து ஒட்டிய காகிதம். பக்கத்தில் என்னுடைய புதுசையும் வைத்தாள்.

“இது என் டி.சி. அய்யா. எதுக்காகப் போனேன்னு போட்டிருக்கு, பாருங்க.”

தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “மேல்படிப்பின் பொருட்டு” என்று வாசித்தார். நிமிர்ந்து, “மேல்படிப்பு எங்கம்மா படிச்சீக?” என்றார், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவராக.

“பெட்டிக்குள்ளதான் அய்யா.”

அம்மா இரண்டு காகிதத்தையும் அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“எங்க ஊருல அஞ்சு முடிச்ச எல்லாருக்கும் இதைத்தான் எழுதிக் குடுத்தாக. ஆம்பளப் பிள்ளைக கொண்டுபோயிக் குடுத்துட்டாக. எங்க பெட்டியிலயெல்லாம் ஆளுக்கு ஒண்ணு கெடக்கு. எம் மகளுக்கும் அதே எழுத்து வந்திருக்கு. நான் ரெண்டையும் இங்கயே வச்சுட்டுப் போறேன். வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன்.”

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, மறுப்பதற்கே சங்கடப்படுகிறவர்போல, “பெஞ்சு இல்லியேம்மா. அந்த வகுப்புல நெசமாவே எடமில்ல” என்றார்.

வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த ராக்கம்மா ஆயா எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. விளக்குமாற்றோடு வாசலில் வந்து நின்றார். “அய்யா, மன்னிக்கணும். இந்தப் பிள்ளை மடிக்கு நான் ஆளு எழுதிட்டேனே” என்றார்.

“என்ன ஆளு?”

“விலக்குல ஏறுற எல்.கே.ஜி. கனிமொழி. அவுக ஆத்தாகிட்டயும் சொல்லிட்டேன், நல்ல பிள்ளை மடியாக் குடுத்திருக்கேன்னு. இவ வல்லைன்னா அது எங்க உக்காரும்? அந்தத் தடத்துல ஆறாப்புக்கு வேற பொம்பளப் பிள்ளை கெடையாது. நானா மடியில வச்சுக்கிட்டு வர முடியும்? இருக்குற வாண்டுகளைப் பிடிக்கவே எனக்கு ரெண்டு கை பத்தல.”

தாளாளர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். ராக்கம்மா ஆயா இடுப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அவர் விரலை வைத்துத் தேடினார். இடப்பக்கத்தில், ஆயாவின் கோணல் எழுத்தில், என் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்து ஏடுகள் எல்லாவற்றிலும் முந்தின நாளே அடித்துவிட்ட பெயர், நாற்பது பக்க நோட்டில் மட்டும் அடிபடாமல் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆயா, உன் நோட்டுத்தான் இந்தப் பள்ளிக்கூடத்துல ஒழுங்கா இருக்கு” என்றார். அம்மாவின் டி.சி.யை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். என்னுடையதை மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். கொடுத்த டி.சி.யைக் கொடுக்கவில்லை என்று ஆக்க முடியாதாம்; நான் புதிதாகச் சேருகிற பிள்ளைதானாம். புதிதாகச் சேருகிறவர்கள் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அன்றைக்கே, நான்காம் வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் வந்து, என்னை ஒற்றை பெஞ்சில் உட்கார வைத்து, சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டு, “உன் பேர் என்னம்மா?” என்று கேட்டார். சொன்னேன். “எந்த ஊர்?” சொன்னேன். தாளின் கடைசிக் கேள்வி, ‘இந்தப் பள்ளியில் ஏன் சேர விரும்புகிறாய்?’ என்பது. நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று எழுதினேன். அதற்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார் டீச்சர்.

ஜூனில் வகுப்பு தொடங்கிய அன்று, புதிய மாணவர்கள் எழுந்து தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். என் இடத்தில் சேர்ந்த டவுன் பிள்ளை எழுந்தாள். அடுத்து நான் எழுந்து, ஏழு வருஷமாக என் பென்சிலைத் திருடிக்கொண்டிருந்தவர்களிடம் என் பெயரைச் சொன்னேன். வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. பெஞ்சு வரும்வரை மூன்று மாதம் ஆய்வக முக்காலியில்தான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் தலைக்கு மேலாகக் கரும்பலகை நன்றாகத் தெரிந்தது.

கனிமொழி கடிக்கத்தான் செய்தாள். முதல் நாள் கையில் கடித்தாள். இரண்டாம் நாள் மடியை நனைத்தாள். மூன்றாம் நாள் என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு பந்தல்குடியிலிருந்து பள்ளிக்கூடம் வரை தூங்கினாள். ஒருநாள் ஆய்வக நாற்றம் வந்தபோது மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னவென்று கேட்டாள். “நீ அங்க வருவேல்ல, அப்பப் பாத்துக்க” என்றேன். சொன்ன பிறகுதான் யார் சொன்னதைச் சொல்கிறோம் என்று உறைத்தது.

நான் பிளஸ் டூ முடித்துப் போகிற வருஷம் அவள் ஐந்து முடித்தாள். எல்.கே.ஜி.யிலிருந்து கடைசிவரை அங்கேயே படித்தவர்களை ஆண்டுவிழாவில் மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு பேனா கொடுப்பார்கள். என் பெயர் வரவில்லை. ஏட்டின்படி நான் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அப்பா கேவுவதுபோல ஒரு சத்தம் செய்தார். அம்மா திரும்பிப் பார்த்து, “பேனாதான போச்சு, விடுங்க” என்றாள். அந்தக் கதையைச் சொன்னால் அப்பா இன்றைக்கும் துண்டை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொள்கிறார்.

மடி நோட்டு இப்போது இல்லை. ராக்கம்மா ஆயாவும் இல்லை. பஸ்ஸில் பிள்ளைக்கு ஒரு இருக்கை, இடுப்புக்கு ஒரு பட்டை, மேலே ஒரு கேமரா. பிள்ளை இறங்கினால் என் போனுக்குத் தகவல் வருகிறது. பிள்ளையைப் பெற்றவளாக அதுதான் சரி என்று எனக்குத் தெரியும். ஒரு பிரேக் போட்டிருந்தால் நாங்களெல்லாம் என்ன ஆகியிருப்போம்? ஆனால் யாழினிக்கு ஆறாம் வகுப்பு அக்காக்கள் ஒருத்தர் பெயரும் தெரியாது. மடியக்கா கதையைச் சொன்னபோது, “மடியில உக்காந்தா அந்த அக்காவுக்கு ரோடு தெரியாதேம்மா” என்று மட்டும் கேட்டாள். எங்கள் பக்கத்தில் அஞ்சாப்புப் பள்ளிக்கூடம் என்கிற சொல்லும் போய்விட்டது. ஐந்தோடு நிற்கிற பெண் பிள்ளையை நான் இப்போது பார்ப்பதில்லை. எல்லா ஊருக்கும் ஏதாவது ஒரு பஸ் வருகிறது. பெருமாயியின் மகள் திருச்சுழியில் பிளஸ் டூ படிக்கிறாள். கடைக்கு வந்தால் பெருமாயி என்னிடம் விதையைப் பற்றிப் பேசுவதைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறாள்.

அன்றைக்குக் கடையில், ஒன்றும் வாங்க வேண்டாம் என்று நான் மூன்றாம் தடவை சொன்னதும் அம்மா பேச்சை விட்டுவிட்டாள். வற்றலை டப்பாக்களில் கொட்டி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று காலை, முதல் நாளாயிற்றே என்று யாழினியை நானே வண்டியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனால், வாசல் கதவுக்குப் பக்கத்தில் அம்மா நிற்கிறாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். “அம்மாச்சி, நீங்க எதுக்கு வந்தீக?” என்று யாழினி கேட்டதற்கு, “சும்மாதான் சாமி, போ போ” என்றாள். பெற்றவர்கள் உள்ளே வரக் கூடாது என்று காவலாளி கதவைச் சாத்திவிட்டார். அம்மா கம்பி இரண்டைப் பிடித்துக்கொண்டு முகத்தை இடையில் வைத்துப் பார்த்தாள்.

உள்ளே நடுவில் ஒரு வேப்பமரம். இடப்பக்கக் கட்டடம் ஐந்து வரை, வலப்பக்கம் ஆறிலிருந்து. யாழினி ஏழு வருஷப் பழக்கத்தில் நேராக இடப்பக்கம் போனாள். “ஏத்தா, அந்தப் பக்கம் போறாளே” என்று அம்மா மூச்சுக்குள் சொன்னாள். பிள்ளை மரத்தடியில் நின்றது. தலையைச் சொறிந்தது. யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே திரும்பி, வலப்பக்கப் படிகளில் இரண்டிரண்டாக ஏறி உள்ளே போனது. யாரும் அதை நிறுத்தவில்லை. யாரும் ஒரு காகிதம் கேட்கவில்லை.

அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். துரு ஒட்டியிருந்த உள்ளங்கை இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, பந்தல்குடி பஸ் நிற்கிற பக்கமாக விறுவிறுவென்று நடந்தாள்.